உப்புக்காற்றில் எது தாங்கும்: சாண்ட் ஸ்கார்ச்சரா, ஹாலிடே பக்கியா?

கடற்கரையில் ஓட்ட ஒரு ரிமோட் பக்கி (மணலில் ஓடும் ரிமோட் கார்) வாங்கப் போகிறேன் என்றதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். “வீட்டுல ஏற்கெனவே ஒரு பக்கி இருக்கு. இன்னொண்ணு எதுக்குடா?” என்றார். நாற்பதை நெருங்கும் வயதில் இதையும் கேட்டுக்கொண்டுதான் கடைக்குக் கிளம்பினேன்.

கடையில் என்னைத் திணறடித்தவை இரண்டு பெட்டிகள். இரண்டுமே ஜப்பானின் தமியா நிறுவனத்தின், நாமே மாட்டிக்கொள்ளும் மாடல் வண்டிகள். ஒன்று சாண்ட் ஸ்கார்ச்சர், 1979இல் வந்து 2010இல் மறுபடியும் வெளியான பழைய சிங்கம். இன்னொன்று ஹாலிடே பக்கி. இதுவும் பழைய பெயர்தான். ஆனால் மறுவெளியீட்டில் உள்ளே இருப்பது டிடி-02 என்ற புதிய பிளாஸ்டிக் சேஸி (அடிச்சட்டம்). இரண்டும் நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, இரண்டிலும் மோட்டார் பின்னால் உட்கார்ந்து பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும். நான் விசாரித்தபோது ஸ்கார்ச்சரின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நான் வாங்கியது ஹாலிடே பக்கி. காசு ஒரு காரணம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிவு செய்தது காசு இல்லை, உப்பு.

முதலில் ஸ்கார்ச்சருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். சிங்கப்பூரில் கட்டாயத் தேசியச் சேவையில் என்னோடு இருந்த நண்பன் ஒருவன் அதை வாங்கினான். சில வார இறுதிகள் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் சேர்ந்து மாட்டினோம். சேஸி ஃபைபர்கிளாஸ் தகடு. முன் சஸ்பென்ஷனும் பின் கியர் பாக்ஸும் வார்ப்பு அலுமினியம். முன்னால் பக்கத்துக்கு இரண்டு டிரெய்லிங் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை), உள்ளே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் முறுக்குக் கம்பி. நிஜ ஃபோக்ஸ்வேகன் பீட்டில் எப்படி வேலை செய்ததோ அப்படியே. 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் தன் மேங்க்ஸ் என்ற நிஜ மணல் பக்கியை உருவாக்கியதும் அந்த பீட்டிலின் உறுப்புகளை வைத்துத்தான். அந்தப் பரம்பரையைக் கையில் பிடித்து ஸ்க்ரூ முடுக்குகிற சுகம் ஹாலிடே பக்கியில் கிடையாது. அதை இரண்டே மாலையில் முடித்துவிட்டேன். தொட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சேஸி, நான்கு பக்கமும் பிளாஸ்டிக் ஆர்ம், அவ்வளவுதான்.

பெயின்ட் வேலை இரண்டுக்கும் ஒரே தலைவலி. உடல் கெட்டிப் பிளாஸ்டிக், ஸ்ப்ரே அடிக்க வேண்டும். மழை விட்ட ஈரத்தில் அடித்தால் பளபளப்பு போய்ப் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துவிடும். நம் ஊரில் காய்ந்த நாளுக்குக் காத்திருப்பது என்றால் எத்தனை நாள் என்று யார் சொல்வது? நான் குளிர்சாதனம் ஓடிய அறையில் பாகங்களை ஒரு மணி நேரம் வைத்து, தாழ்வாரத்துக்கு ஓடி வந்து ஒரு கோட் அடித்துவிட்டு, உடனே உள்ளே கொண்டுபோனேன். பக்கத்து வீட்டு ஆன்டி மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினார். அது நியாயம்தான்.

இனி உப்பு. நாங்கள் ஓட்டும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரை, கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம். காலை ஆறரைக்கு, ஆள் நடமாட்டம் வருமுன், அலை வடிந்த ஈர மணலில் ஓட்டினால் வண்டி பறக்கும். ஆனால் அந்த ஈரம் முழுக்க உப்புத் தண்ணீர். நண்பனின் ஸ்கார்ச்சரை ஐந்தாறு தடவை அங்கே ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் துடைத்துத்தான் வைத்தான். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தபோது அலுமினியத்தில் ஸ்க்ரூ இறங்கும் இடங்களைச் சுற்றி வெள்ளைப் பொடி. இரண்டு ஸ்க்ரூ அசையவே இல்லை. ஒன்றின் தலை வழுக்கிப்போய், கடைசியில் துளைபோட்டு எடுத்தோம்.

நடந்தது என்னவென்றால், அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். ‘துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போட்டால் போதுமே’ என்று தோன்றும், நண்பனும் அதைத்தான் முதலில் சொன்னான். அது இன்னும் மோசம். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் பக்கத்தில் இருக்கும் அலுமினியத்தை அது இன்னும் வேகமாக அரிக்கவைக்கும். செய்யக்கூடியது ஒன்றுதான். மாட்டும்போதே ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் கிரீஸ் தடவ வேண்டும், ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும், சில ஓட்டங்களுக்கு ஒரு தடவை முழுதாகப் பிரிக்க வேண்டும். வேலை, குழந்தை, மளிகை என்று ஓடுகிறவனுக்கு அந்தச் சனிக்கிழமை கிடைப்பதில்லை.

பிளாஸ்டிக்கில் இந்தக் கதையே இல்லை. ஸ்க்ரூ துருப்பிடிக்கும், பிடிக்கட்டும், ஒரு பாக்கெட் புதிது வாங்கினால் தீர்ந்தது. ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிய ஸ்ப்ரே பாட்டிலால் அடிக்கிறேன். வீட்டுக்கு வந்து வாளியில் ஒரு அலசல், மின்விசிறிக்கு முன்னால் இரண்டு மணி நேரம், அப்புறம் பேரிங்குகளில் ஒரு சொட்டு எண்ணெய். மணல் குளியலறைக் குழாய்க்குள் போகாமல் வாளியிலேயே படியவிட்டுக் கொட்டினால் வீட்டில் சண்டையும் இல்லை. மொத்தம் கால் மணி நேர வேலை.

இதற்கும் குறை உண்டு. தொட்டி சேஸியில் மணல் சேரும். வடியட்டும் என்று அடியில் ஓட்டை போட்டேன், அதன் வழியாகவே மணல் உள்ளே வந்தது, டேப் ஒட்டி மூடிவிட்டேன். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் மரை தேய்ந்து பிடிமானம் போகும். தவிர, ஸ்கார்ச்சரில் ரிசீவருக்கும் (ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) சர்வோவுக்கும் (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) தண்ணீர் புகாத தனிப் பெட்டி இருக்கிறது, இதில் கிடையாது. பழைய வழியைத்தான் பிடித்தேன்: ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு, வாயைக் கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டேன். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கண்ட்ரோலரைப் பலூனில் போடாதீர்கள், சூடு வெளியே போக வேண்டும்.

மாற்றங்களில் நான் முதலில் காசு போட்டது பேரிங்கில். பேரிங்குக்குப் பதிலாகப் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் புஷ் (அச்சு சுற்றும் வளையம்) மணலோடு சேர்ந்தால் அரைக்கும் கல் மாதிரி. 11 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 5 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள பேரிங், அதுவும் ரப்பர் மூடி போட்டதாகக் கேளுங்கள். தகர மூடி போட்டது கொஞ்சம் லேசாகச் சுற்றும், ஆனால் தூள் மணல் அதன் ஓரமாக நுழைந்துவிடும். அடுத்தது பின்சக்கரத்துக்கு பேடில் டயர், அதாவது துடுப்பு மாதிரிப் பட்டைகள் உள்ள டயர். காய்ந்த மணலில் சாதாரண டயர் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு உட்காரும், பேடில் துடுப்புப்போட்டு ஏறிவிடும். மூன்றாவது எண்ணெய் டாம்பர், குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர். சவாரி சுகம், ஆனால் தண்டில் மணல் ஒட்டினால் சீல் கிழியும். இதை மட்டும் திரும்பச் செய்வேனா என்று சந்தேகம். கடைக்காரர் காட்டுகிற நீல நிற அலுமினிய ஆர்ம்களை வாங்காதீர்கள். பிளாஸ்டிக் வண்டி வாங்கிய காரணத்தையே அது கெடுத்துவிடும்.

மோட்டாருக்கு இரண்டு வண்டியிலும் விமோசனம் இல்லை. காற்றுத் துளை வழியாக மணல் போகும், ஓசை மாறும், ஒருநாள் நின்றுவிடும். எனக்கு இது இரண்டாவது மோட்டார். உள்ளே உரசும் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் போட்டால் நீடிக்கும் என்கிறார்கள். நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

மறுவிற்பனையில் ஸ்கார்ச்சர்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. பிரிக்காத பெட்டிக்கும் அலமாரியில் நின்ற வண்டிக்கும் ஆள் இருக்கிறது. ஆனால் கடற்கரைக்குப் போய் வெள்ளைப் பொடி பூத்த ஒன்றைப் பழைய பொருள் விற்கும் கேரொசல் ஆப்பில் போட்டால் வருகிற முதல் கேள்வி, “கடல்ல ஓட்டினீங்களா?” என்பதுதான். விலை காக்க வேண்டுமானால் ஓட்டக்கூடாது, ஓட்ட வேண்டுமானால் விலையை மறந்துவிட வேண்டும். என் வண்டியை விற்றால் ஐம்பது வெள்ளி தேறுமோ என்னவோ.

நண்பனின் ஸ்கார்ச்சர் இப்போது கேமரா வைக்கிற ஈரப்பதம் இல்லாத பெட்டியில், லென்சுகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சனிக்கிழமை காலையில் அவன் வெறுங்கையோடு ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் உள்ள பிடோக் ஜெட்டி பக்கம் வருகிறான். “மச்சி, ஒரு ரவுண்டு குடுடா.”