மாதம் 1,800 போதுமா? பி.எஃப். பங்களிப்பு குறித்து ஒரு சந்தாதாரரின் மதிப்பீடு

சேலம் இரும்பாலைச் சாலையில் உள்ள ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்கூடத்தில் 2019ஆம் ஆண்டு நான் பணியில் சேர்ந்த அன்று, கணக்குப் பிரிவில் ஒரு படிவத்தை நீட்டி, பி.எஃப். பிடித்தம் 1,800 ரூபாய் போதுமா, முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12 விழுக்காடு பிடிக்க வேண்டுமா என்று கேட்டார்கள். உடன் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கையில் வரும் சம்பளம் குறையக் கூடாது என்று 1,800ஐக் குறித்தார்கள். நான் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, கணக்குப் போட்டுப் பார்த்தபின் 12 விழுக்காட்டைக் குறித்தேன்.

அந்த 1,800 என்பது, பி.எஃப். கட்டாயமாகப் பிடிக்க வேண்டிய ஊதிய வரம்பாக 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 15,000 ரூபாயின் 12 விழுக்காடு. இன்று என் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 24,000 ரூபாய். என் பாஸ்புக்கில் மாதந்தோறும் மூன்று எண்கள் பதிவாகின்றன: என் பங்கு 2,880, நிறுவனத்தின் பங்கு 1,630, ஓய்வூதியப் பங்கு 1,250. நிறுவனமும் 2,880 ரூபாயே தருகிறது. அதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிந்துவிடுகிறது. அதே சம்பளம் வாங்கி 1,800ஐக் குறித்த நண்பருக்கும் அதே 1,250 பிரிவதால், நிறுவனத்தின் பங்காக அவர் கணக்கில் சேர்வது வெறும் 550 ரூபாய். மாதம் 1,080, ஆண்டுக்கு 12,960 ரூபாயை நிறுவனம் கொடுக்க முன்வந்தும் அவர் வாங்காமல் விடுகிறார் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே மனம் பொறுக்கவில்லை.

இதில் ஒன்றைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் நிறுவனம் தன் பங்கைச் சம்பளத்துக்கு மேல் தருகிறது. மொத்தச் சம்பளத்துக்குள்ளேயே அந்தப் பங்கையும் அடக்கிப் பேசும் இடங்களில், அது உங்கள் பணமே இன்னொரு பெயரில் வருவதுதான். அங்கே என் கணக்கு பொருந்தாது.

ஓய்வூதியப் பங்குக்கு வட்டி கிடையாது. 15,000 வரம்பை வைத்துப் பார்த்தால் 14 ஆண்டுப் பணிக்கு மாதம் 3,000 ரூபாய்தான் ஓய்வூதியம் என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. எனவே 12 விழுக்காட்டுக்கு மேல் விருப்பப் பங்களிப்பாகவும் மாதம் 4,000 ரூபாய் கட்டத் தொடங்கினேன். இதற்கு நிறுவனம் ஈடாக எதுவும் தராது; ஆனால் வட்டி அதேதான், 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் 8.25 விழுக்காடு. தொழிலாளியின் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால்தான் மிகுதிக்கான வட்டிக்கு வரி. என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

4,000 என்று வைத்தது என் தவறு. 2022இல் அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கு பி.எஃப். கணக்கிலிருந்து முன்பணம் கேட்க முற்பட்டபோது, என் ஆதாரில் அப்பா பெயர் முழுமையாகவும், என் முந்தைய பணியிடத்தின் பதிவில் வெறும் முதலெழுத்தாகவும் இருந்ததால் விண்ணப்பம் நகரவே இல்லை. நானும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழி கொடுத்துப் பெயரைத் திருத்துவதற்குள் மருத்துவமனைக்குப் பணம் கட்டும் நாள் வந்துவிட்டது. அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் அம்மா கட்டிவந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துத்தான் சமாளித்தோம். எங்கள் நிறுவனத்தில் விருப்பப் பங்களிப்பை ஏப்ரலில் மட்டுமே மாற்ற முடியும் என்பதால், அந்தக் கடினமான மாதங்களிலும் 4,000 தவறாமல் பிடிக்கப்பட்டது.

அடுத்த ஏப்ரலில் அதை 2,000 ஆகக் குறைத்து, மீதி 2,000ஐ எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் போட்டு வருகிறேன். 12 விழுக்காட்டில் மட்டும் கை வைக்கவில்லை. இப்போது புதிதாகச் சேரும் பையன்களிடம், படிவத்தில் குறிப்பதற்கு முன் ஆதார் பெயரையும் பி.எஃப். பதிவுப் பெயரையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.