மண்வள அட்டை: கரிமம் 0.38, அப்புறம்?

புதுக்கோட்டைப் பக்கம் எங்களுக்குச் செம்மண் காடு. கடலை, உளுந்து, மழை ஏமாற்றினால் எள். மண்வள அட்டைக்காக விதைப்புக்கு முன்னால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன்.

மண் எடுக்கச் சொல்லித்தரும் முறைக்கு முழு மதிப்பெண். வரப்போரம், மரநிழல், எருக்குழிப் பக்கம் எல்லாம் விட்டுவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து அரைக்கிலோவாகக் குறைக்க வேண்டும். அட்டையில் 12 விவரங்கள் வருகின்றன. துத்தநாகம் குறைவு என்று தெரிந்ததே எனக்கு லாபம்.

கரிமச் சத்து, அதாவது இலை, வேர், எரு மக்கி மண்ணில் தங்கும் கார்பன், 0.38 சதவீதம், 'குறைவு' என்று போட்டிருந்தது. 0.5-க்குக் கீழே குறைவு, 0.75-க்கு மேலே அதிகம் என்பது கணக்கு. ஊட்டித் தோட்டங்களில் 2 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அங்கே குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். இலையும் வேரும் மக்குவதைவிட வேகமாகச் சேர்ந்துவிடும். எங்கள் வெயிலிலோ, ஒரு மழை பெய்து ஈரம் பட்டால் போதும், போட்ட எரு சில மாதத்தில் காற்றோடு போய்விடுகிறது. மணல் கலந்த மண் அதைப் பிடித்தும் வைக்காது. களிமண்ணாக இருந்தால் மக்கிய பொருள் அதில் ஒட்டிக்கொண்டு நுண்ணுயிருக்கு எட்டாமல் நாள்பட நிற்கும். தண்ணீர் நிற்கும் நெல்வயலில் காற்று இல்லாததால் மக்குவதே தாமதம். இதில் ஒன்றுகூட அந்த ஒற்றை எண்ணில் தெரியாது.

என்ன வகைக் கரிமம் என்பதும் தெரியாது. பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் சீக்கிரம் மக்கித் தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுக்கும். காய்ந்த வைக்கோலைப் புதைத்தால், மக்கும்வரை மண்ணிலிருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர் இழுத்துக்கொண்டு பயிர் வெளுக்கும். இரண்டுமே கரிமம்தான். பரிந்துரையோ, ஏக்கருக்கு 5 டன் தொழு உரம். சரி, மாடு எங்கே இருக்கிறது?

நான் கொடுத்த நிலையத்தில் முடிவு விதைப்புக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. அதற்கும் சேர்த்துக் கழித்து 5-க்கு 3 தருகிறேன்.

கொடுப்பவர்கள் அறுவடை முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள். கரிமத்தை அதே வயலின் பழைய அட்டையோடு, அதே பருவத்தில் எடுத்த மண்ணோடு ஒப்பிடுங்கள். அடுத்த ஊர்க் கரிசலோடு வேண்டாம்.