ஆக்சிஜன் சென்சார் சாக்கெட்: பயன்பாட்டு மதிப்பீடு

வண்டியின் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றுவதற்கென்றே விற்கப்படும் 22 மி.மீ. சாக்கெட்டின் (திருகும் கருவியின் குழல் வடிவத் தலை) பக்கவாட்டில் நீளமான பிளவு ஒன்று இருக்கும். சென்சாரின் ஒயர் அதன் வழியே வெளியே வந்துவிடுவதால், ஒயரை வெட்டாமலேயே சென்சாரைக் கழற்றிச் சோதித்து மீண்டும் பொருத்த முடிகிறது.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியிருந்த சென்சாரை இது சிரமமின்றிக் கழற்றியது. கன்வெர்ட்டருக்குப் பின்னால், வண்டியின் அடியில் துருவேறிக் கிடந்த சென்சாரில்தான் இதன் பலவீனம் தெரிந்தது: அழுத்தம் கூடியதும் பிளவின் வாய் சற்றே விரிந்து, அறுகோண விளிம்பில் வழுக்கத் தொடங்கியது. துரு இளக்கும் எண்ணெயை ஊறவிட்டு, எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது திருப்பிய பிறகே மரை அசைந்து கொடுத்தது.

உடன் வரும் கையேடு ஏமாற்றமளிக்கிறது. வி வடிவ எஞ்சினில் சிலிண்டர்கள் இரு பக்கமாக, இரு வரிசைகளில் (பேங்க்) இருக்கும்; 'பேங்க் 1' என்பது முதல் சிலிண்டர் உள்ள பக்கம். அதை ஓட்டுநர் இருக்கும் பக்கம் என்று எண்ணி, நல்ல சென்சாரைக் கழற்றிவிடுவோர் உண்டு. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மரை இறுகிப்போகாமல் இருக்க அதில் தடவும் பசை சென்சாரின் முனையில் படக்கூடாது என்ற எச்சரிக்கையும் இல்லை.

மாறாக, 18 மி.மீ. மரையைச் சீராக்கும் டேப் (மரை வெட்டும் கருவி) ஒன்றையும் சேர்த்துத் தந்திருப்பது பாராட்டுக்குரியது. பழைய சென்சாரைத் தூக்கியெறியத்தான் போகிறீர்கள் என்றால், ஒயரை வெட்டிவிட்டுப் பிளவில்லாத ஆறுமுக சாக்கெட்டைப் பயன்படுத்துவதே மேல்.