5,000 கோடி என்று சொல்லும் புரோபயாடிக் மாத்திரை: ஒரு மதிப்புரை

புட்டியின் முகப்பில் "பத்து வகை நல்ல பாக்டீரியாக்கள், ஒரு கேப்சூலில் 5,000 கோடி" என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். நான் பெயர் குறிப்பிட விரும்பாத இந்தத் தயாரிப்பு, மருந்தாக அல்லாமல் உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதால், மருந்துக்குக் கேட்கப்படும் மருத்துவப் பரிசோதனைச் சான்றுகள் இல்லாமலேயே கடைக்கு வந்துவிடுகிறது. ஆகவே வாங்குபவருக்குக் கிடைக்கும் ஒரே ஆதாரம் லேபிள்தான். அதையே இங்கு மதிப்பிடுகிறேன்.

போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாடிக் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001-இல் வரையறுத்தது. முகப்பில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதைத் தேடிப் போனால் பின்புறம் மிகச் சிறிய எழுத்தில் "உற்பத்தியின்போது" என்றிருக்கிறது. வெப்பத்திலும் ஈரத்திலும் நாளாக ஆக மடிந்துகொண்டே வரும் உயிரிகளுக்கு, காலாவதி நாளில் எத்தனை மிஞ்சும் என்பதுதான் பயனுள்ள கணக்கு. மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்திருப்பது நல்ல ஏற்பாடு.

பெரிய குறை வேறு. லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் என்று இனத்தின் பெயர் இருக்கிறதே தவிர, எந்தத் திரிபு, அதாவது அந்த இனத்துக்குள் எந்த உட்பிரிவு, என்பது இல்லை. அதிகம் ஆராயப்பட்ட ஜிஜி திரிபில் கண்ட பலனை அதே இனத்தின் இன்னொரு திரிபுக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது. பத்தில் எது எவ்வளவு என்ற விவரமும் இல்லை. "நோய் எதிர்ப்பாற்றலை வலுப்படுத்தும்" என்ற வாசகத்தை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் கொண்டுபோனால் தேறுமா என்பது ஐயமே. அங்கு புரோபயாடிக் விண்ணப்பங்கள் ஏறத்தாழ முழுவதும் நிராகரிக்கப்பட்டன. ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் கொண்ட தயிர், பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கச் சிரமப்படுவோருக்கு உதவும் என்ற கூற்றுக்கு மட்டும் 2010-இல் சாதகமான கருத்து கிடைத்தது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது, உள்ளே இருக்கும் தாளில் காணும் "எல்லா வயதினருக்கும் பாதுகாப்பானது" என்ற வரி. குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பதைப் பற்றி, ஒரு குழந்தையின் மரணத்தை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது. நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கும் இரத்தத்தில் தொற்று ஏற்படும் அபாயம் உண்டு. அந்த வரியை நீக்கி, மருத்துவரைக் கேட்கச் சொல்லும் எச்சரிக்கையைச் சேர்க்கும்வரை இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது வரும் வயிற்றுப்போக்குக்காகத் தேடுபவர்கள், திரிபின் பெயரும் காலாவதி நாள்வரையிலான எண்ணிக்கையும் அச்சிட்ட வேறொன்றை மருத்துவரிடம் காட்டிய பிறகு வாங்கலாம்.