பயணக் கட்டுரைக்கு ஒரு கேமரா: ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100வி

ஊர் சுற்றுவது, எழுதுவது, படம் பிடிப்பது. இதுதான் என் பிழைப்பு. அதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, தமிழில் பயணக் கட்டுரை. இன்னொன்று, தங்கும் விடுதிகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் படமும் ரீலும் எடுத்துக் கொடுப்பது. முதலாவதால் பேர் கிடைக்கிறது, இரண்டாவதால் வீட்டு வாடகை போகிறது. எக்ஸ்100வி முதல் வேலைக்கு அருமையான கேமரா. இரண்டாவதுக்குக் கிட்டத்தட்ட உதவாது. இந்த இரண்டில் உங்கள் வேலை எது என்று முடிவு பண்ணிக்கொண்டு மேலே படியுங்கள்.

2020 பிப்ரவரியில் வந்த மாடல். 26 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி என்கிற நடுத்தர அளவு சென்சார், கழற்ற முடியாத 23 மி.மீ. எஃப்2 லென்ஸ் (எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸ் வாய் அகலமாகத் திறக்கும், வெளிச்சம் அதிகம் வரும்). ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) கணக்குக்கு 35 மி.மீ. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 478 கிராம். ஜூம் கிடையாது, கால்தான் ஜூம். சமூக ஊடகங்களில் திடீரென்று பிரபலமாகி, எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லாமல், செகண்ட் ஹேண்ட் விலை புதுசின் விலையையே தாண்டிய கூத்தெல்லாம் நடந்தது. அந்த மோகம் கொஞ்சம் அடங்கிய பிறகு பழையதாகத்தான் நான் வாங்கினேன்.

பெரிய கேமராவும் நீள லென்ஸும் மாட்டிக்கொண்டு வேதாரண்யம் உப்பளத்துக்குள் இறங்கினால், "எந்த டிவிலேந்தும்மா வர்றீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது கூலிப் பிரச்சினை. நியாயமான பிரச்சினைதான், ஆனால் நான் டிவி இல்லையே. அதற்கப்புறம் யாரும் இயல்பாக வேலை செய்ய மாட்டார்கள், நிமிர்ந்து நின்று போஸ் கொடுப்பார்கள். இந்தக் கேமராவைப் பார்த்த ஓர் அம்மா, "இது அந்தக் காலத்து ஃபிலிம் பொட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் உப்பு வாரப் போய்விட்டார். எனக்கு வேண்டியது அதுதான்.

உப்பளத்தில் வெளிச்சம் பெரிய தலைவலி. மேலே வெயில், கீழே வெள்ளை உப்பு, நடுவில் முக்காட்டுத் துண்டின் நிழலில் முகம் கறுத்துப்போய்விடும். ஃபிளாஷ் போடலாமென்றால், சாதாரணமாக மற்ற கேமராக்களில் 1/200, 1/250 நொடிக்கு மேல் தனி ஏற்பாடு இல்லாமல் அது ஒத்துவராது. இதில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. லீஃப் ஷட்டர் என்பார்கள். அதனால் உள்ளேயே இருக்கும் குட்டி ஃபிளாஷ்கூட 1/1000 நொடியில் வேலை செய்கிறது. வெளிச்சத்தை நான்கு ஸ்டாப், அதாவது பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி ஃபில்டரும் உள்ளேயே இருப்பதால் உச்சி வெயிலில் எஃப்2 வைத்துப் படமெடுக்கலாம். பகல் பத்து மணிக்கு மேல் கேமராவைப் பைக்குள் போட்டுவிட வேண்டும் என்ற பழைய பாடம் எனக்கு இப்போது தேவைப்படுவதில்லை.

ஷட்டர் சத்தமும் கிட்டத்தட்ட இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் விடிய விடியக் கூத்து நடக்கும்போது, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்கு நடுவில் இருந்தே எடுக்கலாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேமராவில் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷன் இல்லையே என்று பலர் குறைப்படுகிறார்கள். கூத்துக்கு அது இருந்தும் பயனில்லை. அங்கே ஆடுவது என் கையில்லை, துரியோதனன். எஃப்2 வைத்து, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) 6400-க்கு உயர்த்தி, ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொண்டால் போதும், அச்சுக்குப் போகிற அளவுக்குத் தெளிவாகவே வருகிறது.

பழைய ஃபிலிம்களின் நிறத்தைக் கேமராவிலேயே கொண்டுவரும் ஃபிலிம் சிமுலேஷன் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் கிளாசிக் நெகட்டிவ் நம் ஊர் கறுத்த முகங்களுக்குச் சரிப்படவில்லை. நிழல் பச்சையோடி, கன்னம் செத்த மாதிரி ஆகிவிடுகிறது. சுவர், கதவு, பேருந்து நிலையம் என்றால் சரி. மனிதர்களுக்கு நான் ப்ரோ நெக் ஸ்டாண்டர்டு அல்லது அஸ்டியாதான் வைக்கிறேன். ஜேபெக்கை அப்படியே ஃபுஜிஃபிலிமின் எக்ஸ்ஆப் என்ற ஃபோன் செயலி வழியாக ஃபோனுக்கு மாற்றி, மயிலாடுதுறை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அனுப்பிவிடலாம். லேப்டாப் திறக்கிற வேலை பாதியாகக் குறைந்தது.

சரி, கோயில். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. பிராகாரத்தில் கிட்டே நின்றுகொண்டு 35 மி.மீ. பார்வையில் அது அடங்காது. சுற்றுச் சுவர் வரை பின்னால் போக வேண்டும், அங்கே போனால் நடுவில் மரம். மறுபக்கம், ட்ரைபாடைக் கண்டால் அனுமதிக் கடிதம் கேட்கும் தொல்லியல் துறை ஊழியர்கள் இந்தச் சின்னக் கேமராவைக் கண்டுகொள்வதில்லை. கோபுரத்தை விட்டுவிட்டு, புல்தரையில் சோற்று மூட்டையைப் பிரிக்கும் குடும்பங்களை எடுக்க ஆரம்பித்தேன். கட்டுரைக்கு அதுவே நல்ல படமாக அமைகிறது.

இனி வாடகை கட்டுகிற வேலைக்கு வருவோம். "மேடம், ரெண்டு நாள் தங்கிக்கோங்க, சாப்பாடு ஃப்ரீ, ஒரே ஒரு ரீல் போதும்" என்று கூப்பிடுவார்கள். கிளம்பும் நேரத்தில் அந்த ஒரு ரீல் நாலாகியிருக்கும், கூடவே எல்லா அறைகளின் படமும் வேண்டும் என்பார்கள். அறைக்கு 16 மி.மீ. மாதிரி அகலமான லென்ஸ் வேண்டும். இதற்கென்று விற்கும் வைடு கன்வெர்ட்டர் போட்டாலும் 28 மி.மீ. வரைதான், கட்டில் தெரிந்தால் ஜன்னல் தெரியாது. நடந்துகொண்டே வீடியோ எடுத்தால் படம் குலுங்குகிறது, ஸ்டெபிலைசேஷன் இல்லாத குறை இங்கேதான் கடிக்கிறது. அந்த வேலைக்கு என் பழைய ஜூம் கேமராவைத்தான் இன்னும் தூக்கிக்கொண்டு போகிறேன். ஆனால் கடையில் வரும் கறிதோசையை இலையிலேயே வைத்து எடுக்க இதுதான். பத்து சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம், இந்த வரிசையின் முந்தைய மாடல்கள் போல எஃப்2-வில் மங்கலாவதும் இல்லை.

சில்லறைக் குறைகளும் உண்டு. பின்பக்கம் நாற்திசைப் பட்டனை எடுத்துவிட்டு, டச் ஸ்கிரீனில் விரலை இழுக்கச் சொல்கிறார்கள். வியர்த்த கையோடு அது நடக்கிற காரியமா? மெனுவில் அதை அணைத்துவிட்டேன். பேட்டரிக்கு கம்பெனிக் கணக்கு 350 படம், திரை இல்லாமல் கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் ஆப்டிகல் வியூஃபைண்டரில் 420. யூஎஸ்பி-சி இருப்பதால் பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், தனி சார்ஜர் தூக்க வேண்டாம். தண்ணீர், தூசிக்குத் தாங்கும் என்ற விளம்பரம் உண்மைதான், ஆனால் முன்னால் அடாப்டர் வளையமும் 49 மி.மீ. ஃபில்டரும் மாட்டினால்தான். அவை இரண்டும் பெட்டியில் வராது. தனுஷ்கோடி உப்புக்காற்றில் அவை இல்லாமல் நான் வெளியே எடுப்பதில்லை.

2024-ல் வந்த எக்ஸ்100விஐ-யில் ஸ்டெபிலைசேஷன் உண்டு, 40 மெகாபிக்சல். அமெரிக்காவில் எக்ஸ்100வி 1,399 டாலருக்கு அறிமுகமானது, இந்த அடுத்த மாடல் 1,599 டாலருக்கு. லென்ஸ் எக்ஸ்100வி-யில் இருந்த அதேதான், பேட்டரியும் அதேதான். ரீல்தான் உங்கள் சம்பாத்தியம் என்றால் அந்தக் காசுக்கு லென்ஸ் மாற்றுகிற பாடி ஒன்றும் வைடு ஜூம் ஒன்றும் வாங்கலாம். மனிதர்களையும் தெருக்களையும் எழுதுகிறவர் என்றால் பழைய எக்ஸ்100வி-யே போதும்.

பழையது வாங்கும்போது வெள்ளைச் சுவரை எஃப்16-ல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். லென்ஸ் கழலாத கேமரா, சென்சாரில் புள்ளி இருந்தால் நாம் துடைக்க முடியாது, சர்வீசுக்குத்தான் போக வேண்டும். அடாப்டர் வளையமும் ஃபில்டரும் சேர்த்துத் தருவார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள்.