கிளேரை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்பவரிடம் தகடுகளைக் கொடுக்காதீர்கள்

அப்பா வாங்கிய விருதுத் தகடுகள், கொஞ்சம் பதக்கங்கள், கண்ணாடிச் சட்டம் போட்ட சில ஓவியங்கள். இவற்றைப் படமெடுத்து ஆல்பமாக்க ஒரு புகைப்படக்காரரை அமர்த்தினோம். பளபளப்பான பொருட்களை எடுப்பதில் கைதேர்ந்தவர் என்பது அவரே சொல்லிக்கொண்டது. முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். "கிளேர் வராத ஸ்பெஷல் ஃபில்டர்" என்று தனிக் கட்டணம் வேறு. கிளேர் என்றால், பளபளப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் படத்தில் வெள்ளையாகப் படிவது.

வந்தவர் லென்ஸைச் சுற்றி ஒரு ரிங் லைட்டை மாட்டி, நேர் எதிரே நின்று மளமளவென்று எடுத்துத் தள்ளினார். தட்டையான பளபளப்புப் பரப்பில் ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ, அதே கோணத்தில்தான் மறுபக்கம் திரும்பும். விளக்கும் லென்ஸும் ஒரே இடத்தில் இருந்தால் வெளிச்சம் நேராக லென்ஸுக்குள்தானே போகும்? ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு வெள்ளை வளையம். ஓவியங்களின் கண்ணாடியில் அவர் உருவமே நிற்கிறது. கேட்டால், "கவலைப்படாதீங்க, எடிட்டிங்ல எடுத்துடலாம்" என்றார்.

எடுத்தார். எப்படி? முழு வெள்ளையாக வெளுத்துப்போன இடத்தில் மீட்க எந்த விவரமும் மிஞ்சியிருக்காது. அதனால் பொறித்த எழுத்துகளை அழித்துவிட்டு, ஏதோ ஒரு எழுத்துருவில் தானே தட்டச்சு செய்து ஒட்டிவிட்டார். 1968 என்றிருந்த ஆண்டு 1963 ஆகிவிட்டது. அப்பா பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார்.

அப்புறம் அந்த ஃபில்டர். முறையிடப் போனபோது அதை வாங்கிப் பார்த்தேன். கேமராவில் திருகும் பக்கம் நம் கண்ணை நோக்கி இருக்கும்படி பிடித்து, எல்சிடி கணினித் திரையைப் பார்த்தபடி சுழற்றினால், உண்மையான போலரைசர் (கிளேரைக் குறைக்கும் ஃபில்டருக்கு அதுதான் பெயர்) ஓரிடத்தில் திரையைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கிவிடும். இவருடையதை முழுச்சுற்று சுற்றியும் ஒரே மங்கல். வெறும் சாம்பல் நிறக் கண்ணாடி! தனிக் கட்டணம் அதற்குத்தான்.

நல்ல போலரைசரே இருந்தாலும் தகடுகளுக்குப் பெரிதாக உதவியிருக்காது. கண்ணாடி, வார்னிஷ் மீதான பிரதிபலிப்பைச் சரியான கோணத்தில் அது நன்றாகக் குறைக்கும். உலோகத்தின் பிரதிபலிப்பு அதற்கு அவ்வளவாக அடங்காது. விளக்குகளுக்கும் போலரைசர் தாள் போட்டால் அடங்கும். ஆனால் உலோகம் கண்ணுக்குத் தெரிவதே பிரதிபலிப்பால்தான் என்பதால் தகடு செத்த கறுப்பாகிவிடும். தகட்டுக்கு வேண்டியது, அது பிரதிபலிக்க ஒரு பெரிய வெள்ளை அட்டை. இல்லையென்றால், லென்ஸுக்கு முன்னால் ஒரு சுத்தமான கண்ணாடித் துண்டை 45 டிகிரியில் சாய்த்துப் பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்ச வேண்டும். தகடு வெளிச்சமாகவும் பொறித்த எழுத்துகள் கருமையாகவும் வரும்.

ஓவியங்களுக்கு இவ்வளவு கூடத் தேவையில்லை. இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு விளக்கு, ஓவியப் பரப்புக்கு 45 டிகிரியிலோ இன்னும் குறைந்த கோணத்திலோ. கேமராவைப் பின்னால் தள்ளி நீளமான லென்ஸ். கேமராவுக்கு முன்னால், லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி துளையிட்ட கறுப்புத் துணி. ஒரு துணி கூடக் கொண்டுவராதவர் நம்மவர்.

"பளபளன்னு இருந்தா இப்படித்தாங்க வரும்" என்பதுதான் அவருடைய கடைசிப் பதில். பணம் வரவில்லை, திருத்தாத மூலக் கோப்புகளும் வரவில்லை. வேறு யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், உங்களிடம் உள்ளதிலேயே அதிகம் மினுங்கும் தகட்டை முதலில் எடுக்கச் சொல்லி, எடிட் செய்யாத கோப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகு பணம் பேசலாம்.