உடைந்த சைக்கிள் விளக்குப் பிடி: சரிசெய்வதா, மாற்றுவதா?

ஹேண்டில்பாரில் முன்விளக்கைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடி உடைந்தால், அது எந்த இடத்தில் உடைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். விளக்கு நழுவி உட்காரும் தடம் நன்றாக இருந்து, கம்பியைச் சுற்றும் வளையம் மட்டும் விரிந்து போயிருந்தால், சரிசெய்வதே என் தேர்வு. பழைய டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கம்பியில் சுற்றி, அதன்மேல் பிடியை வைத்து, இரண்டு கேபிள் டைகளை (இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் பட்டைகளை) குறுக்காக இழுத்துக் கட்டினால், ரப்பர் அதிர்வைத் தாங்கிக்கொள்வதோடு பிடியைச் சுழலவும் விடாது. செலவும் மிகக் குறைவு.

விளக்கைப் பூட்டும் நாக்கு முறிந்திருந்தால் நிலைமை வேறு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் வளைந்து நிமிர வேண்டிய அந்த மெல்லிய பகுதியில், காய்ந்தபின் நொறுங்கும் தன்மையுள்ள உடனடிப் பசை நெடுநாள் நிற்காது. நைலான் வகைப் பிளாஸ்டிக்கில் இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் எபாக்சி பசையும் எளிதில் பிடிப்பதில்லை. இரவில் சக்கரம் பள்ளத்தில் இறங்கும் நொடியில் விளக்கு கழன்று விழுந்தால், நமக்குச் சாலையும் தெரியாது, எதிரே வருபவருக்கு நம்மையும் தெரியாது. ஆகவே அங்கே புதிய பிடிதான் வாங்க வேண்டும். அதற்குமுன் கம்பியின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்: நடுப்பகுதி பழைய சைக்கிள்கள் பலவற்றில் 25.4 மி.மீ., இன்றைய மலைச் சைக்கிள்கள் பலவற்றில் 31.8 மி.மீ. இருக்கும். விளக்கின் அடித்தடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், உடைந்த பிடியையும் விளக்கையும் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது.